செமஸ்டர் ஒண்ணு, வீக்எண்ட் 16: ஐரோப்பால சுத்த பிளான் போடுறது எப்படி

செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு ஐரோப்பா கிளம்புற எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும், பாரிஸ், ரோம், பார்சிலோனா, ஆம்ஸ்டர்டாம், பிராக்னு. என்கிட்டயும் இருந்துச்சு, மொத்தம் 22 ஊரு. ஜெர்மனில கார்ல்ஸ்ரூயேல ஒரு வின்டர் செமஸ்டர், அக்டோபர் நடுவுல கிளாஸ் ஆரம்பிச்சு பிப்ரவரி நடுவுல முடியும். முதல் மாசம் லிஸ்ட்டைப் பார்த்து டிக்கெட் போட்டேன், எது விலை கம்மியோ அது. ரெண்டாவது மாசத்துல இருந்து கடிகாரத்தைப் பார்த்து டிக்கெட் போட ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம்தான் போன ஊரு மனசுல நின்னுச்சு. இந்தப் பதிவு முழுக்க அதைப் பத்திதான்: ரூம் கதவுல இருந்து போற ஊரு கட்டில் வரைக்கும் எத்தனை மணி நேரம், அதை முதல்ல கணக்கு போடுங்க, விலையெல்லாம் அப்புறம்.

முதல்ல காலண்டர்

டிக்கெட் சைட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல செமஸ்டரோட எல்லா சனி ஞாயிறையும் எழுதிருங்க. எனக்கு கிட்டத்தட்ட 16 வந்துச்சு. அதுல முதல் ரெண்டு வீக்எண்ட் போயிரும், ஏன்னா வந்த உடனே பேங்க் அக்கவுண்ட், சிம், அட்ரஸ் பதிவு, ரூமுக்கு பாத்திரம் பண்டம்னு வேலை வந்து நிக்கும். கடைசில எக்ஸாமுக்கு முன்னாடி மூணு போயிரும். நடுவுல ஒண்ணு ரெண்டு சப்மிஷன், ஒரு வீக்எண்ட் காய்ச்சல் வந்து படுத்துருவீங்க, அது எல்லாருக்கும் நடக்கும். மிச்சம் 8 இல்ல 9தான். அந்த 9லயும் ரெண்டு மூணை நீங்க தங்கியிருக்கிற ஊருக்கே ஒதுக்கி வைங்கன்னு கெஞ்சி கேக்கறேன், எல்லா வாரமும் ஓடுனவங்களுக்கு சொந்த ஊரு மாதிரி ஆக வேண்டிய இடம் வெறும் துணி துவைக்கிற இடமா போயிருது.

அப்புறம் அந்தக் காலண்டர்லயே லீவு நாளையும் குறிச்சு வைங்க, உங்க நாட்டு லீவு மட்டும் இல்ல, போற நாட்டு லீவும். அக்டோபர் 3 ஜெர்மனில, அக்டோபர் 12 ஸ்பெயின்ல, நவம்பர் 1 ஃபிரான்ஸ் இத்தாலி ஆஸ்திரியானு நிறைய இடத்துல, நவம்பர் 11 ஃபிரான்ஸ்ல, டிசம்பர் 6ம் 8ம் ஸ்பெயின்ல. உங்களுக்கு லீவு இருந்து அங்க இல்லைன்னா அதிர்ஷ்டம், ரயில் காலியா இருக்கும். ரெண்டு பக்கமும் லீவுன்னா அந்த நாட்டு ஜனமே கிளம்பியிருக்கும், ஹாஸ்டல் விலை ரெண்டு மடங்காகும், கடையும் மூடியிருக்கும். செப்டம்பர் கடைசில மியூனிக் பக்கம் அக்டோபர்ஃபெஸ்ட், பிப்ரவரில கொலோன் பக்கம் கார்னிவல், அதைப் பார்க்கவே போறீங்கன்னா சரி, இல்லைன்னா அந்தத் தேதியைத் தவிர்த்துருங்க.

விசா கதை

இதை சின்ன எழுத்துல விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, ஆனா மொத்த பிளானும் இதுலதான் நிக்குது. ஷெங்கன்னா தங்களுக்குள்ள எல்லை செக்கிங்கை எடுத்துட்ட ஐரோப்பிய நாடுகளோட கூட்டம், அதுல இப்போ 29 நாடு. குரோஷியா 2023ல வந்துச்சு, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1ல முழுசா வந்துட்டாங்க. ஷெங்கன் நாடு ஒண்ணு குடுத்த லாங் ஸ்டே விசாவோ ரெசிடென்ஸ் கார்டோ உங்ககிட்ட இருந்தா, மத்த ஷெங்கன் நாடுகள்ல எந்த 180 நாள் எடுத்தாலும் 90 நாள் வரைக்கும் சுத்தலாம். வெள்ளி சனி ஞாயிறுன்னு ஒரு டிரிப்புக்கு 3 நாள் வச்சாக்கூட 15 டிரிப்புக்கு 45 நாள்தான், அதனால பயப்படத் தேவையில்ல. செமஸ்டரே 90 நாளுக்குள்ளன்னு ஷார்ட் ஸ்டே விசால வந்தவங்க மட்டும் ஒவ்வொரு நாளையும் எண்ணணும், வந்த நாளும் சேரும் போற நாளும் சேரும், 2025 அக்டோபர்ல இருந்து எல்லைல கம்ப்யூட்டர்லயே பதிவு பண்ற சிஸ்டம் வந்துருச்சு, நாள் கணக்கை அதுவே போட்டுக்கும்.

மாட்டிக்கிற இடம் வேற. உங்க விசா ஸ்டிக்கர்ல சிங்கிள் என்ட்ரின்னு போட்டிருந்தா ஷெங்கனை விட்டு ஒரு தடவை வெளிய போனா திரும்பி உள்ள வர முடியாது. லண்டன் ஷெங்கன் இல்ல, டப்ளின் ஷெங்கன் இல்ல, சைப்ரஸ் இல்ல. இதெல்லாம் ஓரளவு தெரிஞ்சிருக்கும், ஆனா டுப்ரோவ்னிக்ல இருந்து மோஸ்தார் பாலம் பார்க்க ஒரு நாள் டூர் வேன்ல ஏறுனீங்கன்னா அது போஸ்னியா, அதாவது ஷெங்கனுக்கு வெளிய, அது டிரைவர் எல்லைல பாஸ்போர்ட் கேக்கும்போதுதான் நிறைய பேருக்குத் தெரியுது. இன்னொண்ணு, வந்த விசா காலாவதியாகி ரெசிடென்ஸ் கார்டு இன்னும் கைக்கு வராத அந்த இடைப்பட்ட வாரங்கள். ஒரு தற்காலிக பேப்பர் குடுப்பாங்க, அது தங்குறதுக்கு செல்லும், ஆனா வெளிய போய்ட்டு திரும்பி வர்றதுக்கு எல்லா பேப்பரும் செல்லாது. அந்த வாரத்துக்கு வெளிநாட்டு டிக்கெட்டே போடாதீங்க, உள்நாட்டுலயே சுத்துங்க, இல்ல கார்டு குடுக்கிற ஆபீஸ்லயே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

ஷெங்கனுக்குள்ள எல்லையே இல்லைன்னு நினைச்சு ஒரிஜினல் பேப்பரை ரூம்ல வச்சுட்டுப் போறதும் பெரிய தப்பு. ஜெர்மனி 2024 செப்டம்பர்ல இருந்து தன்னோட எல்லா தரை எல்லைலயும் செக்கிங் போட்டிருக்கு. பிராக்ல இருந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ல திரும்பறேன், ரெண்டு மணி இருக்கும், பஸ் ஓரமா நின்னுச்சு, உள்ள லைட்டு எல்லாம் ஒரே நேரத்துல எரிஞ்சுது, ரெண்டு போலீஸ் டார்ச்சோட ஒவ்வொரு சீட்டா வர்றாங்க. எனக்கு முன் சீட்டுல ஒரு பையன், போன்ல ரெசிடென்ஸ் கார்டு போட்டோவைக் காட்டறான், அவங்க பொறுமையா தலையை ஆட்டிட்டு ஒரிஜினல் எங்கன்னு கேக்கறாங்க, அவன் பேக்கை மூணு தடவை கொட்டித் தேடறான், இல்ல. அவனைக் கீழ இறக்கிட்டாங்க, 20 நிமிஷம் நின்னோம், அப்புறம் பஸ் அவன் இல்லாமயே கிளம்பிருச்சு. ஜன்னல் வழியா அவன் அந்தக் குளிர்ல ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுட்டு நிக்கறது தெரிஞ்சுது. பாஸ்போர்ட், கார்டு ரெண்டும் ஒரிஜினல், உடம்போட ஒட்டின பையில, ஒவ்வொரு டிரிப்புக்கும்.

மணி நேரக் கணக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு கிளாஸ் முடியுது, ஞாயித்துக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ரூமுக்கு வரணும்னு வச்சுக்கோங்க. மொத்தம் 54 மணி நேரம். ரெண்டு ராத்திரி தூக்கம் 16 மணி நேரம் போச்சுன்னா மிச்சம் 38. இப்போ போக 7 மணி நேரம் வர 7 மணி நேரம்னா கைல 24தான் நிக்கும், போக 3 வர 3ன்னா 32. ஒரு முழு பகல் வித்தியாசம் அது.

ஃபிளைட்டு 2 மணி நேரம்தானேன்னு சொல்லுவாங்க. போலந்துல படிச்ச என் ஃபிரண்ட் 18 யூரோவுக்கு பாரிஸ் டிக்கெட் கிடைச்சுதுன்னு குதிச்சா. சேர்ந்து கணக்கு போட்டோம்: ரூம்ல இருந்து ஏர்போர்ட் முக்கால் மணி, அங்க ஒண்ணே முக்கால் மணி முன்னாடி, பறக்கறது 2 மணி, இறங்கி வெளிய வர அரை மணி, இறங்குன இடம் போவே, அது பாரிஸ்ல இருந்து 80 கிலோமீட்டருக்கு மேல, அங்க இருந்து பஸ்ல டிராஃபிக்கோட ஒன்றரை மணி, அப்புறம் மெட்ரோ அரை மணி. கூட்டிப் பாருங்க, 7 மணி நேரம். பஸ் காசும் ஏறக்குறைய டிக்கெட் காசுக்கு வந்து நிக்குது. எனக்கு கார்ல்ஸ்ரூயேல இருந்து பாரிஸ் கார் த லெஸ்ட் ஸ்டேஷனுக்கு நேரா அதிவேக ரயில், ரெண்டரை மணி நேரம், இறங்கினா ஊருக்குள்ள நிக்கறோம். டிக்கெட் விலை ஜாஸ்தி, ஆனா முன்கூட்டியே போட்டா ஃபிளைட் பிளஸ் பஸ் பிளஸ் பேக் காசோட பெரிய வித்தியாசம் இல்ல.

அதனால பட்ஜெட் ஏர்லைன்ல டிக்கெட் பார்க்கும்போது ஊரு பேரை நம்பாதீங்க, ஏர்போர்ட் பேரை மேப்புல போட்டுப் பாருங்க. ஃபிராங்க்ஃபர்ட் ஹான்ங்கறது ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல, ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா கிட்டத்தட்ட 100, மியூனிக் பேருல விக்கிற மெம்மிங்கன் அதுக்கும் மேல, பிரஸ்ஸல்ஸ் ஷார்ல்ரோவா 50 சொச்சம். மிலான் பெர்காமோ மட்டும் நான் சந்தோஷமா ஏத்துக்குவேன், மிலானுக்கு 50 கிலோமீட்டர்தான், அதோட பெர்காமோவே மலை மேல மதில் சுவரோட ஒரு பழைய ஊரு, மிலானுக்குப் போகாம அங்கயே தங்குனாக்கூட நட்டமில்ல.

நான் வச்சுக்கிட்ட ரூல் இது: சாதாரண வீக்எண்டுக்கு ஒரு வழி 5 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, கதவுல இருந்து கட்டில் வரைக்கும். அதுக்கு மேல இருக்கிற ஊரெல்லாம், லிஸ்பன், ஏதென்ஸ், ஸ்டாக்ஹோம் மாதிரி, லாங் வீக்எண்டுக்கும் கிறிஸ்துமஸ் லீவுக்கும் தள்ளி வச்சேன்.

பக்கத்துல இருக்கிற ஊரு

இந்த 5 மணி நேர வட்டத்தைப் போட்டதும்தான் பக்கத்துல எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுது. ஒவ்வொருத்தருக்கும் இப்படி ஒரு வட்டம் இருக்கு. வியன்னாவுல இருந்தா பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், ப்ருனோ ஒன்றரை, புடாபெஸ்ட் மூணு மணிக்குள்ள. கோபன்ஹேகன்ல இருந்தா ஓரேசுன் பாலத்து வழியா ரயில்ல முக்கால் மணில ஸ்வீடன் மால்மோ. போலோன்யால இருந்தா ஃபுளாரன்ஸ் அதிவேக ரயில்ல முக்கால் மணிக்குள்ள, வெரோனா, பார்மா, ரவென்னா எல்லாம் காலைல போய் ராத்திரி வர்ற தூரம். ஃபிரான்ஸ்ல லீல் ஊருல இருந்தா பிரஸ்ஸல்ஸ் அரை மணி சொச்சம்.

எனக்கு ஃபிரான்ஸ் எல்லைல இருக்கிற ஸ்ட்ராஸ்பூர். ஜெர்மனில டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, மாசத்துக்கு ஒரு தொகை, நாடு முழுக்க லோக்கல் பஸ், டிராம், ரீஜினல் ரயில் எல்லாத்துலயும் போகலாம், அதிவேக ரயில்ல மட்டும் கூடாது. 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சாங்க, 2025ல 58, 2026ல 63. நிறைய யூனிவர்சிட்டில ஸ்டூடண்ட்டுக்கு இதைவிடக் கம்மியா தர்றாங்க, வந்த உடனே கேளுங்க. இது சந்தா, கேன்சல் பண்ணணும்னா அந்த மாசம் 10ம் தேதிக்குள்ள பண்ணணும், ஊருக்குத் திரும்பறதுக்கு முந்தின மாசமே இதை போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க.

இந்த டிக்கெட் வச்சு கார்ல்ஸ்ரூயேல இருந்து ஆஃபன்பூர்க், அங்க மாறி கேல், ஜெர்மனி அதோட முடிஞ்சுது. கேல் ஸ்டேஷனுக்கு வெளிய வந்தா முன்னாடியே டிராம் ஸ்டாப், அது ஸ்ட்ராஸ்பூர் டிராம், டி லைன், தனியா டிக்கெட் ஒண்ணு எடுக்கணும், சில்லறைக் காசுதான். 2017ல கட்டுன பாலம், டிராமும் சைக்கிளும் நடக்கறவங்களும் மட்டும் போறது. கீழ ரைன் நதி அகலமா சாம்பல் நிறத்துல ஓடுது, ஒரு சரக்குப் படகு மெதுவா போய்ட்டிருக்கு, பாலத்துக்கு நடுவுல போன் அதிர்ந்து ஃபிரான்ஸுக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ். பக்கத்து சீட்டுப் பாட்டி மடியில காய்கறிப் பையோட, வாராவாரம் இப்படித்தான் நாடு மாறி நாடு கடைக்குப் போறவங்க போல. கால் மணில ஊருக்குள்ள இறங்கி தெரு திரும்புனா கதீட்ரல், 142 மீட்டர், 1647ல இருந்து 1874 வரைக்கும் உலகத்துலயே உயரமான கட்டடம் இதுதான், ரோஸ் கலர் கல்லு, வெயில் பட்டா நிறம் மாறிட்டே இருக்கும். அந்த செமஸ்டர்ல நான் அங்க நாலு தடவை போனேன். பாரிஸை விட ஸ்ட்ராஸ்பூர்தான் எனக்கு நல்லா தெரியும், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அதே டிக்கெட்ல ஆஸ்திரியா சால்ஸ்பூர்க் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம், சுவிஸ் எல்லைல பாசல் பாடிஷர் பான்ஹோஃப் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். லக்ஸம்பர்க்குக்குள்ள போய்ட்டா 2020ல இருந்து எல்லா பஸ், டிராம், ரயிலும் ரெண்டாம் வகுப்புல எல்லாருக்கும் இலவசம்.

எதுல போறது

ரயில் டிக்கெட் எவ்வளவு சீக்கிரம் போடறீங்களோ அவ்வளவு கம்மி, கடைசி நாள்ல அதே சீட்டு மூணு நாலு மடங்கு. 5 6 வாரம் முன்னாடி போடப் பாருங்க. ஜெர்மன் மலிவு டிக்கெட்ல குறிப்பிட்ட ரயில்லதான் ஏறணும்னு கட்டுப்பாடு இருக்கும், ஆனா போய்ச் சேர 20 நிமிஷத்துக்கு மேல லேட் ஆகும்னா அந்தக் கட்டுப்பாடு போயிரும், வேற ரயில்ல ஏறிக்கலாம். அதனால மாறிப் போற பயணத்தை ஒரே டிக்கெட்டா போடுங்க, ரெண்டா பிரிச்சுப் போட்டு முதல் ரயில் லேட் ஆனா ரெண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்ல. ஒரு மணி நேரம் லேட்டுன்னா டிக்கெட்ல 25 சதவீதம், ரெண்டு மணின்னா 50 சதவீதம் திருப்பிக் கேக்கலாம், ஃபாரம் போடுங்க, கூச்சப்படாதீங்க.

பல நாட்டு ரயிலுக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்கலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. ஐரோப்பால குடியிருக்கிறவங்களுக்கு இன்டர்ரெயில், வெளிய இருந்து டூர் வர்றவங்களுக்கு யூரெயில், ரெசிடென்ஸ் காட்ட முடிஞ்சா நீங்க இன்டர்ரெயில் வாங்கலாம், 27 வயசு வரைக்கும் யூத் விலை. ஆனா வாராவாரம் போய் வர்ற வீக்எண்ட் டிரிப்புக்கு இது கட்டுப்படியாகாதுங்கறது என் கருத்து, செமஸ்டர் முடிஞ்சு தொடர்ந்து ரெண்டு வாரம் சுத்தறதுக்குத்தான் சரி. ஃபிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்ல பாஸ் இருந்தாலும் சீட்டுக்கு தனியா காசு கட்டணும், அதையும் கணக்குல வைங்க.

பஸ்ஸு மலிவு, அதுல சந்தேகமே இல்ல, ஃபிளிக்ஸ்பஸ் போகாத ஊரு கம்மி. பிராக், வியன்னா, புடாபெஸ்ட், பிராட்டிஸ்லாவா பக்கம் ரீஜியோஜெட் பஸ்ஸும் பாருங்க. நைட் பஸ்ல ஹாஸ்டல் காசு மிச்சம்னு போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 5 6 மணி நேர நைட் பஸ்தான் எல்லாத்துலயும் மோசம், காலைல 4 மணிக்கு, 5 மணிக்கு இறக்கி விட்டுரும், டிசம்பர்ல 8 மணி வரைக்கும் இருட்டு, ஒரு கடை திறந்திருக்காது, ஹாஸ்டல்ல ரூம் 3 மணிக்குத்தான், அன்னைக்கு சனிக்கிழமை முழுக்க கண்ணு எரிச்சலோட சுத்துவீங்க. 9 மணி நேரத்துக்கு மேலன்னா ஓரளவு தூங்கலாம். காசு கொஞ்சம் இருந்தா ஆஸ்திரிய ரயில்வேயோட நைட்ஜெட்ல படுக்கை போடுங்க, மியூனிக்ல இருந்து ரோம், சூரிக்ல இருந்து ஆம்ஸ்டர்டாம் மாதிரி ரூட்ல ராத்திரி ஏறிப் படுத்தா காலைல ஊரு.

ஃபிளைட்டுன்னா பேக்குதான் பிரச்சினை. இலவசமா சீட்டுக்கு அடில வைக்கிற பை ரயன்ஏர்லயும் விஸ்ஏர்லயும் 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர், ஈஸிஜெட்ல கொஞ்சம் பெருசு, 45க்கு 36க்கு 20. வீல் வச்ச பெட்டி வேண்டவே வேண்டாம், வீலும் கணக்குல சேரும். ஒரு தடவை கேட்ல அந்த இரும்புக் கூண்டுக்குள்ள என் பெட்டியை வைக்கச் சொன்னாங்க, உடம்பு உள்ள போச்சு, வீல் ரெண்டு விரல்கடை வெளிய நின்னுச்சு, டிக்கெட் விலைக்கு ரெண்டரை மடங்கு கட்டிட்டு ஏறுனேன். அடுத்த வாரமே மடங்குற துணிப் பை ஒண்ணு வாங்கிட்டேன், ஒரு ஜீன்ஸ் உடம்புல, ஒரு ஸ்வெட்டர், ரெண்டு டீஷர்ட், சார்ஜர், அவ்வளவுதான் ரெண்டு ராத்திரிக்கு. ஆன்லைன் செக்இன் மறக்காதீங்க, ஏர்போர்ட்ல போய் பண்ணா சில கம்பெனில 50 யூரோவுக்கு மேல கேப்பாங்க. யூரோப்பியன் யூனியன்ல இருந்து கிளம்புற ஃபிளைட்டு 3 மணி நேரத்துக்கு மேல லேட்டா போய்ச் சேர்ந்தா, கம்பெனி கைல இருந்த காரணம்னா, 1500 கிலோமீட்டர் வரைக்கும் 250 யூரோ நஷ்டஈடு உங்க உரிமை. புயல் மாதிரி காரணத்துக்குக் கிடைக்காது, ஆனா சாப்பாடு, ராத்திரி தங்க ரூம் அப்பவும் அவங்கதான் குடுக்கணும்.

திரும்பி வர்றதுக்கு கடைசி ரயிலையோ கடைசி பஸ்ஸையோ போடாதீங்க, அதுக்கு முந்தினது போடுங்க. திங்கள் காலைல கிளாஸ் இருக்கு. இன்னொரு சின்ன விஷயம், அக்டோபர் கடைசி ஞாயிறு விடியக்காலைல கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போகும், மார்ச் கடைசி ஞாயிறு முன்னாடி போகும், அந்த வீக்எண்ட்ல காலை ரயில் இருந்தா கவனம்.

யாரோட போறது

8 பேரு குரூப்ல போட்ட பிளான் எதுவும் எனக்குத் தெரிஞ்சு நடந்ததில்ல. நடந்தாலும் சனிக்கிழமை காலைல எல்லாரும் கிளம்ப 11 மணி ஆயிரும். மூணு பேரு, நாலு பேரு சரி. புதன்கிழமை ராத்திரிக்குள்ள யாரு டிக்கெட் போட்டாங்களோ அவங்க வர்றாங்கன்னு முன்னாடியே பேசிக்கோங்க. செலவை ஸ்பிளிட்வைஸ் ஆப்ல அன்னன்னைக்கே போட்டுருங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஞாபகப்படுத்திப் போட்டா சண்டைதான். ஒரு தடவையாவது தனியா போய்ப் பாருங்க, பக்கத்து ஊருக்காவது. ஃபிரான்ஸ் கொல்மார்ல உன்டர்லிண்டன் மியூசியத்துல ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் முன்னாடி ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன், கூட யாராவது இருந்திருந்தா 10 நிமிஷத்துல கிளம்பியிருப்போம்.

போன இடத்துல

ஒரு நாளைக்கு டைம் போட்ட டிக்கெட் ஒண்ணு மட்டும் வச்சுக்கோங்க, மிச்ச நேரம் நடங்க. அந்த ஒண்ணை முன்னாடியே புக் பண்ணுங்க, ஆம்ஸ்டர்டாம் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைன்ல மட்டும்தான், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் 6 வாரம் கழிச்சு வர்ற தேதிக்குத் திறப்பாங்க, அதனால முதல்ல அந்த டிக்கெட், அப்புறம்தான் ரயில். கிரனாடா அல்ஹாம்ப்ராவும் அப்படித்தான், உள்ள நஸ்ரித் அரண்மனைக்கு மணி குறிச்சிருப்பாங்க, தவறுனா விடமாட்டாங்க. பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, ஓர்சே மியூசியம் திங்கள் லீவு, வத்திக்கான் மியூசியம் மாசக் கடைசி ஞாயிறு தவிர மத்த ஞாயிறு எல்லாம் லீவு, வீக்எண்ட் டிரிப்புக்கு இது முக்கியம்.

ஸ்டூடண்ட்டா இருக்கறதுல பெரிய லாபம் மியூசியத்துலதான். 26 வயசுக்குள்ள, ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துல (யூரோப்பியன் யூனியன், நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன்) குடியிருக்கறவங்களுக்கு லூவ்ர் இலவசம், பிறந்த நாடு எதுவா இருந்தாலும் சரி, ரெசிடென்ஸ் கார்டைக் காட்டுனா போதும். மாட்ரிட் பிராடோ 18ல இருந்து 25 வயசு ஸ்டூடண்ட்டுக்கு இலவசம், மத்தவங்களுக்கும் தினமும் கடைசி ரெண்டு மணி நேரம் இலவசம். இத்தாலில அரசு மியூசியம் எல்லாம் மாசத்தோட முதல் ஞாயிறு இலவசம், ஆனா அன்னைக்கு ரோம்ல கூட்டம் தாங்காது, போலோன்யா மாதிரி ஊருல போங்க. வியன்னா ஸ்டேட் ஓப்பெரால நின்னுட்டே பார்க்கற டிக்கெட் ரொம்ப மலிவு, மூணு மணி நேரம் கால் வலிக்கும், ஆனா அந்த சத்தம் நேரா நெஞ்சுல வந்து அடிக்கும், கட்டாயம் போங்க.

ஞாயித்துக்கிழமை ஜெர்மனி, ஆஸ்திரியால சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கடை மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலமே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வச்சுருங்க. ரெண்டு வேளை சூப்பர்மார்க்கெட், ஒரு வேளை உக்காந்து அந்த ஊரு சாப்பாடு, இதுதான் எங்க கணக்கு. தண்ணி பாட்டில் கைல இருக்கட்டும், ரோம்ல தெருவுக்குத் தெரு குடிதண்ணிக் குழாய் ஓடிட்டே இருக்கும். ஹாஸ்டலுக்கு சொந்தப் பூட்டும் துண்டும் எடுத்துட்டுப் போங்க, ராத்திரி 11 மணிக்கு மேல போய்ச் சேருவீங்கன்னா ரிசப்ஷன் திறந்திருக்குமான்னு முன்னாடியே கேளுங்க.

பிராக், புடாபெஸ்ட், வார்சா, கோபன்ஹேகன், சூரிக் இங்கெல்லாம் யூரோ இல்ல, அவங்க பணம். கார்டு தேய்க்கும்போதோ ஏடிஎம்லயோ உங்க பணத்துக்கு மாத்திக் காட்டவான்னு கேக்கும், வேண்டாம்னு அந்த ஊரு பணத்தையே அமுக்குங்க, இல்லைன்னா ரேட்டுல கணிசமா போயிரும். டூரிஸ்ட் தெருவுல தனியா நிக்கிற ஏடிஎம்மை விட்டுட்டு பேங்க் வாசல்ல இருக்கிறதுல எடுங்க. போன் டேட்டா யூரோப்பியன் யூனியன் முழுக்க வீட்டு ரேட்லயே ஓடும், நார்வே ஐஸ்லாந்துலயும் ஓடும், சுவிட்சர்லாந்துல பெரும்பாலும் ஓடாது. பாசல் கிட்ட ரயில்ல போகும்போது போன் தானா சுவிஸ் டவரைப் பிடிச்சுரும், முந்தின ஸ்டேஷன்லயே ரோமிங்கை ஆஃப் பண்ணிருங்க, ஆஃப்லைன் மேப் டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா ஒண்ணும் குறையாது.

பிராக், புடாபெஸ்ட் மெட்ரோவுலயும் இத்தாலி ரீஜினல் ரயில்லயும் பேப்பர் டிக்கெட் எடுத்தா மட்டும் பத்தாது, மெஷின்ல ஸ்டாம்ப் அடிக்கணும், அடிக்காத டிக்கெட் டிக்கெட் இல்லாததுக்கு சமம். பார்சிலோனா மெட்ரோ, ரோம் டெர்மினி ஸ்டேஷன், பாரிஸ்ல ஈஃபில் பக்கம் பிக்பாக்கெட் ஜாஸ்தி, போனை பின் பாக்கெட்ல வைக்காதீங்க. அவசரத்துக்கு எல்லா நாட்டுலயும் 112. இன்சூரன்ஸ் நீங்க படிக்கிற நாட்டுக்கு மட்டுமா, மத்த நாட்டுக்கும் சேர்த்தான்னு முதல் டிரிப்புக்கு முன்னாடியே பார்த்துருங்க.

வின்டர் செமஸ்டர்னா டிசம்பர் நாலரைக்கே இருட்டிரும், ஸ்டாக்ஹோம்ல மூணு மணிக்கே, அதனால வெளிய பார்க்க வேண்டியதை காலைல வைங்க, மியூசியத்தை சாயங்காலம் வைங்க. நவம்பர் கடைசில இருந்து கிறிஸ்துமஸ் மார்க்கெட், ஸ்ட்ராஸ்பூர், நியூரம்பெர்க், வியன்னா, முடிஞ்சா வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்ருங்க, சனிக்கிழமை நகரவே முடியாது. ஸ்பிரிங் செமஸ்டர்ல வர்றவங்க வெனிஸுக்கு ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள ஒரு நாள் டிரிப் போறதா இருந்தா, சில தேதில நுழைவுக் கட்டணம் உண்டு, ஆன்லைன்ல முன்னாடியே கட்டணும், 2024ல ஆரம்பிச்சது.

கடைசி ரெண்டு வீக்எண்ட்ல எங்கயும் போக வேண்டாம்னு காலண்டர்ல இப்பவே கோடு போட்டு வைங்க. ரூம் சாவி, டெபாசிட், பேங்க் அக்கவுண்ட், அட்ரஸ் பதிவை நீக்கறது எல்லாம் அப்பத்தான் வரும், ஆபீஸ் எல்லாம் வாரநாள்ல திறந்தாலும் சுத்தம் பண்றதும் பெட்டி கட்டறதும் சனி ஞாயிறுதான். நான் அந்தக் கடைசி சனிக்கிழமை மதியம் வேலையெல்லாம் முடிச்சுட்டு, டிக்கெட் இன்னும் ரெண்டு வாரம் செல்லும்னு, ஒரு சின்னப் பையோட கேல் வரைக்கும் போய், டிராம் ஏறாம அந்தப் பாலத்துல நடந்தே அந்தப் பக்கம் போனேன்.